பழனிக்குப் போகாத மொட்டை

என் கணவரின் அக்காவுக்கு மார்பிலிருந்த கட்டியை எடுத்த பிறகு, மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஆறு தடவை ஊசி மருந்து ஏற்ற வேண்டும் என்று கோயமுத்தூர் டாக்டர் சொன்னார். அக்கா கேட்ட முதல் கேள்வி உயிரைப் பற்றியது அல்ல. "இது எங்க கம்பெனியில தெரிய வேண்டியதில்லீங்களே?" என்றுதான் கேட்டார். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. எங்களுக்குப் புரிந்தது.

எங்களுடையது மண்ணரையில் ஒரு சின்ன பனியன் கம்பெனி. பன்னிரண்டு தையல் மெஷின், ஒரு கட்டிங் டேபிள், பின்பக்கம் செக்கிங். தைத்து வரும் ஒவ்வொரு பீஸையும் ட்யூப்லைட்டுக்கு அடியில் விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் எல்லாம் பார்த்து, பழுது இருக்கும் இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்குவதுதான் செக்கிங். அந்தப் பகுதி முழுக்க அக்காவின் ராஜ்ஜியம். கணவரின் அக்காவை எங்கள் பக்கம் நங்கை என்று கூப்பிடுவோம். நங்கை கல்யாணமாகி இரண்டே வருஷத்தில் கணவரை இழந்து தம்பி வீட்டுக்கு வந்தவர். வந்த வாரமே செக்கிங்கில் உட்கார்ந்தவர், பதினைந்து வருஷமாக எழுந்திருக்கவில்லை. அவர் கண்ணுக்குத் தப்பி ஒரு பழுதும் பெட்டிக்குள் போனதில்லை. அவருக்குக் கீழே எட்டுப் பெண்கள். அவர் ஒரு பீஸைக் கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்தால் எட்டுப் பேரும் மூச்சு விடாமல் இருப்பார்கள்.

காரில் திரும்பி வரும்போது தன் நிபந்தனையை எங்களிடம் சொன்னார். "என்னைப் பார்த்தா அவளுக பயப்படோணும். ஐயோ பாவமுன்னு பார்க்க ஆரம்பிச்சாளுகன்னா பொறவு ஒரு பீசு உருப்படியா வராது. தெரிஞ்சுதுன்னு வெய்யி, நான் அடுத்த ஊசிக்குக் கார் ஏற மாட்டேன்."

அவர் சொன்னால் சொன்னதுதான். ஆறில் ஒன்று குறைந்தாலும் போட்டதெல்லாம் வீண் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். ஆக, ரகசியத்தைக் காப்பதும் ஆறு ஊசியைக் காப்பதும் ஒன்றே என்று ஆகிவிட்டது. இந்த வேலைக்கு வீட்டில் இருந்த ஆள் நான்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. பெண் குழந்தைக்கு மூன்று. கோயமுத்தூரில் பி.எஸ்ஸி. முடித்து, பொங்கலூர்ப் பக்கத்துத் தோட்டத்து வீட்டிலிருந்து இந்த வீட்டுக்கு வந்தவள். குழந்தை இருமினால் நெஞ்சில் காது வைத்துக் கேட்பேன். இருமாவிட்டால் ஏன் இருமவில்லை என்று கேட்பேன். பால் காய்ச்சி இறக்கிய பிறகு நன்றாகக் கொதித்ததா என்று சந்தேகம் வந்து மறுபடி அடுப்பில் வைத்து, பொங்கவிட்டு, அடுப்பைத் துடைத்துக்கொண்டிருப்பேன். இப்படிப்பட்டவளிடம் ஒரு பொய்யைக் கொடுத்து வைத்தார்கள்.

முதல் பொய் சுலபமாக இருந்தது. நங்கைக்குக் கர்ப்பப்பை எடுத்திருக்கிறது, மூன்று மாதம் ஓய்வு என்றோம். அதை யாரும் கேள்வி கேட்பதில்லை. அதற்கே சொந்தக்காரர்கள் பாலில் கலக்கும் பவுடர் பாட்டில்களும் ஆப்பிளுமாக வந்து நின்றார்கள். நங்கைக்கு அந்தப் பவுடரின் வாசனையே குமட்டியது. ஒன்பது பாட்டில்கள் சேர்ந்துவிட்டன. என் மகள் அவற்றைத் தரையில் அடுக்கி ரயில் விட்டாள்.

செக்கிங்கில் நங்கையின் நாற்காலியில் என்னை உட்கார வைத்தார் என் கணவர். காலையில் குழந்தையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு நானும் பீஸ் பார்த்தேன். எனக்கு எல்லாமே பழுதாகத் தெரிந்தது. நிழல் விழுந்த இடத்தில் எல்லாம் அம்பு ஒட்டினேன். ஒரு மத்தியானம் நான் ஒதுக்கிய குவியல் நல்ல குவியலைவிட உயரமாகிவிட்டது. அங்கே இருந்தவர்களில் மூத்தவர் ஒரு அம்மா. நாற்பத்தைந்து வயது இருக்கும், வாய் ஓயாது. அந்தக் குவியலைப் பார்த்துவிட்டு, நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போன நேரம் பாதி ஸ்டிக்கர்களை உரித்துப் போட்டிருந்தார். திரும்பி வந்து பார்த்த எனக்குக் குவியல் குறைந்தது தெரிந்தது. நன்றியாகத்தான் இருந்தது.

முதல் ஊசி போட்டு மூன்றாவது வாரம் நங்கைக்கு முடி கொட்டத் தொடங்கியது. தலையணையில், சீப்பில், சோற்றுத் தட்டில். இடுப்புக்குக் கீழே தொங்கும் சடை அவருக்கு. இரண்டாவது ஊசிக்கு முந்தைய நாள் காலையில், கொல்லைப்புறத்து வெயிலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, நூல் வெட்டும் சின்னக் கத்தரியைக் கையில் எடுத்துக்கொண்டார். பீஸில் தொங்கும் நூலை வெட்டுகிற அதே வேகத்தில் தன் முடியையும் வெட்டினார். பின்பக்கம் எட்டவில்லை என்று என்னிடம் கொடுத்தார். நான் ஒவ்வொரு முடியாகப் பிடித்து வெட்டினேன். "நேரா வெட்டு அம்மிணி, இதென்ன கோணல்மாணலா" என்று திட்டினார். மகள் எதிரே நின்று கைதட்டினாள். அத்தைக்கும் தம்பிப் பாப்பா தலை வந்துவிட்டது என்றாள். பக்கத்து வீட்டுக் குழந்தையைத்தான் அவள் தம்பிப் பாப்பா என்பாள். நங்கை சிரித்துவிட்டார். நான் உள்ளே போய் அழுதேன், பிறகு அழுதது சகுனத் தடையோ என்று பயந்து முகம் கழுவினேன்.

இரண்டாவது ஊசி முடிந்து ஒரு வாரம் இருக்கும். கம்பெனி பின்கதவுச் சாவியை வாங்க அந்த மூத்த அம்மா வீட்டுக்கே வந்துவிட்டார். நங்கை முன்னறையில் உட்கார்ந்து குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்துவதற்குள் பார்க்க வேண்டியதைப் பார்த்தாயிற்று. நங்கை தட்டை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார்.

"பழனிக்கு முடி குடுத்தாங்க" என்றேன். யோசித்துச் சொன்னது இல்லை. தானாக வந்து விழுந்தது.

"அப்படீங்களா" என்றார். "எப்பப் போனீங்க?"

"செவ்வாய்க்கிழமை."

"செவ்வாக்கிழமை காரு கம்பெனி முன்னாலயே நின்னுதுங்களே."

"பஸ்ஸுல போனோம்."

"ஆபரேசன் பண்ணுன ஒடம்போட, பஸ்ஸுல" என்று ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக வைத்தார். "பூமுடி குடுத்தாப் பத்தாதுங்களா, முழுசாவே எறக்கிட்டாங்களாட்ட இருக்குது. சரிங்க, சாமி காரியம்." சாவியை வாங்கிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பினார். "பஞ்சாமிர்தம் எங்கீங்க?"

எங்கள் ஊரில் யாராவது பழனிக்குப் போய்விட்டுப் பஞ்சாமிர்தம் கொடுக்காமல் இருந்தால், போகவே இல்லை என்றுதான் அர்த்தம். இந்தச் சின்ன விஷயம் எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றும் நினைத்துக்கொள்வேன். நாளைக்குக் கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். உள்ளே போய் நங்கையிடம், அவர் தலையைக் கவனிக்கவே இல்லை என்று சாதித்தேன்.

பழனிக்குப் போய்வர ஒரு பகல் முழுக்க வேண்டும். நங்கையை விட்டுவிட்டுப் போக முடியாது. கணவரிடம் சொன்னால் நங்கைக்குத் தெரிந்துவிடும். ஆகவே நானே செய்தேன். கடையில் பூவம்பழம் வாங்கி, வெல்லம், பேரீச்சம்பழம், நெய், ஏலக்காய் எல்லாம் போட்டுப் பிசைந்தேன். கை சுத்தமாக இல்லையோ என்று மூன்று தடவை கழுவிவிட்டுப் பிசைந்தேன். பழத்தில் ஈ உட்கார்ந்திருக்குமோ என்று பயம் வந்து, எல்லாவற்றையும் அடுப்பில் வைத்து ஒரு கொதி விட்டேன். கடைசியில் அது கெட்டியான களிமாதிரி வந்தது. அதை ஒரு டப்பாவில் போட்டு, மேலே ஒரு விபூதிப் பொட்டலத்தை வைத்து, மறுநாள் செக்கிங்குக்கு எடுத்துப் போனேன்.

எட்டுப் பேரும் இடது உள்ளங்கையைக் கீழே கொடுத்து வலது கையை நீட்டி வாங்கி, கண்ணில் ஒற்றி, வாயில் போட்டார்கள். மூத்த அம்மா மெதுவாக மென்றார். "பழனியில இப்பெல்லாம் மலைப்பழம் போடறதில்லையாட்ட இருக்குது" என்றார். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த ஒரு பெண், "சூடா வேற இருந்திருக்கும் போலக்கா" என்றாள். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு பீஸ் பார்த்தார்கள். எட்டு முதுகுகள் குலுங்கின. மலை ஏறி இறங்கிய களைப்பில் நான் சரியாகப் பார்த்து வாங்கவில்லை என்று ஏதோ சொன்னேன்.

அதன் பிறகு ஒரு விசித்திரம் நடந்தது. மொட்டை போட்டால் வாய் கசக்கும் என்று சொல்லி ஒருத்தி வெயிலில் காய்ந்த நார்த்தங்காய் ஊறுகாயைச் சின்ன பாட்டிலில் கொடுத்துவிட்டாள். மொட்டை போட்டால் வாயில் புண் வரும் என்று இன்னொருத்தி தினமும் மணத்தக்காளிக் கீரை கொண்டுவந்தாள். கட்டிங் மாஸ்டரை நாங்கள் பாய் என்போம். அவர் வீட்டிலிருந்து நொய்யரிசிக் கஞ்சி தூக்குப்போசியில் வந்தது. நோன்பு மாதம்கூட இல்லையே என்று கேட்டேன். மொட்டை போட்டவர்களுக்குக் கஞ்சி நல்லது, உங்களுக்குத் தெரியாதா என்று என்னையே திருப்பிக் கேட்டார். விருதுநகர்ப் பெண், முடி இறக்கினால் ஒரு மாதத்துக்குக் குமட்டும், இதைச் சப்பச் சொல்லுங்கக்கா என்று கருப்பட்டியில் கிளறிய இஞ்சி மிட்டாயைத் தாளில் சுற்றிக் கொடுத்தாள். மூத்த அம்மா தன் பழைய, மெத்தென்ற பருத்திச் சேலைகள் இரண்டைத் துவைத்து மடித்துக் கொடுத்தார். மொட்டைத் தலைக்குத் தலையணை குத்தும், இதை விரித்துப் படுக்கச் சொல்லுங்கள் என்றார்.

மொட்டை போட்டால் வாய்ப்புண் வரும் என்று நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. ஆறு மாதக் குழந்தையிலிருந்து எத்தனையோ பேர் முடி இறக்குகிறார்கள், யாருக்குக் குமட்டியது? படிக்காதவர்களின் நம்பிக்கை என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். ஆனால் கொடுத்த ஒவ்வொன்றும் நங்கைக்கு ஒத்துக்கொண்டது. நார்த்தங்காயைத் தொட்டுக்கொண்டு இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டார். கீரையைக் கொதிக்க வைத்துக் கொடுத்தேன், வாய்ப்புண் எரிச்சல் குறைந்தது. யார் கொடுத்தது என்று கேட்டால் என் அம்மா கொடுத்தனுப்பினாள் என்று அடுத்த பொய். அப்போதும் பி.எஸ்ஸி. படித்த எனக்கு விளங்கவில்லை.

மூன்றாவது ஊசி ஒரு புதன்கிழமை. அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எட்டுப் பெண்களும் வீட்டுக்கு வந்து நின்றார்கள். லீவு நாள், தலைக்குக் குளித்துப் பூ வைத்து, கோயில் நோம்பிக்குப் போவதுபோல வந்திருந்தார்கள். தடுக்க எனக்குத் தெரியவில்லை. நங்கை தலையைப் போர்த்திக்கொண்டு கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். உள்ளே வந்தவர்கள் ஒருத்தரும் உட்காரவில்லை. செக்கிங்கில் அவர் முன்னால் நிற்பதுபோலவே வரிசையாக நின்றார்கள்.

மூத்த அம்மா ஒரு பாலித்தீன் கவரை நீட்டினார். பீஸை பேக் செய்கிற மாதிரியே மடித்து, அட்டை வைத்து, கழுத்து லேபிள்கூட தைத்திருந்தது. உள்ளே வெள்ளையாக ஒரு தொப்பி. குழந்தைகள் சட்டைக்கு வரும் மெல்லிய துணி. பாய் வெட்டி, விருதுநகர்ப் பெண் தைத்தது.

"மொட்டைத் தலைக்கு வெய்யில் ஆகாதுங்க நங்கை. அதான்" என்றார் மூத்த அம்மா. நான் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அவர்களும் நங்கை என்றே கூப்பிட்டார்கள்.

நங்கை கவரை வாங்கிப் பக்கத்தில் வைத்தார். வெள்ளிக்கிழமை அனுப்பிய லாட்டில் எத்தனை பீஸ் ஒதுங்கியது என்று கேட்டார். சொன்னார்கள். அவ்வளவு ஏன் என்று கேட்டார். எட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு கிளம்பிவிட்டார்கள். ஒருவரும் கண் கலங்கவில்லை, உடம்பு எப்படி என்றுகூடக் கேட்கவில்லை.

கேட் சாத்திய சத்தம் வந்ததும் நங்கை சொன்னார். "அவளுகளுக்குத் தெரியும்."

"தெரியாதுங்க நங்கை. பழனின்னுதான் சொல்லி வெச்சிருக்கேன்" என்று அத்தனையையும் கொட்டிவிட்டேன். பஸ், பஞ்சாமிர்தம், நார்த்தங்காய், கஞ்சி. சொல்லச் சொல்ல எனக்கே வெளிச்சமாகிக்கொண்டு வந்தது. கசப்பு, வாய்ப்புண், குமட்டல், தலை குத்துவது. மருந்துச் சீட்டில் எச்சரித்திருந்த ஒவ்வொன்றுக்கும் ஒன்று வந்திருந்தது. மூத்த அம்மாவின் தங்கைக்கும் இதே ஊசி போட்டார்களாம். அதை நான் பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

நங்கை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "புதன்கெழம காருக்குச் சொல்ல வேண்டாம்" என்றார்.

என் கணவர் பேசிப் பார்த்தார். நங்கை போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டார். நான் சமையலறையில் நின்றேன். என் வாயால்தான் எல்லாம் கெட்டது என்று தோன்றியது. கர்ப்பப்பையோடு நிறுத்தியிருக்கலாம். அம்மை போட்டது என்று சொல்லியிருந்தால் யாரும் கிட்டவே வந்திருக்க மாட்டார்கள். செய்வதற்கு ஒன்றும் இல்லாதபோது எனக்கு வரும் ஒரே யோசனை கிருமி. எட்டுப் பேர் கைபட்ட தொப்பி, கம்பெனித் தூசி, ஊசி போட்ட உடம்பு. அதை எடுத்து ஒரு பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைத்தேன். போதாது என்று இன்னொரு தடவை. பிழிந்து கொடியில் போட்டேன்.

திங்கட்கிழமை காலையில் கொல்லைப்புறத்திலிருந்து ஒரு சத்தம் கேட்டு ஓடினேன். நங்கை வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்று சிரித்துக்கொண்டிருந்தார். எதிரே என் மகள். கொடியிலிருந்து தொப்பியை இழுத்துத் தலையில் மாட்டியிருந்தாள். அவளுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

"கொதிக்க வெச்சயா?"

"ரெண்டு தடவைங்க."

"வாஷிங் போகாத துணியக் கொதிக்க வெச்சா சுருங்காம என்ன பண்ணும். பனியன் கம்பெனிக்கு வாக்கப்பட்டு அஞ்சு வருஷமாச்சு." அவருக்கு மூச்சு வாங்கியது, சிரிப்பு நிற்கவில்லை. "பி.எஸ்ஸி.ல இதெல்லாம் வராதா அம்மிணி?"

இரண்டு மாதமாக அந்த வீட்டில் இப்படி ஒரு சிரிப்பு கேட்கவில்லை. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, இன்னும் நாலு தொப்பி கிடைத்தால் அதையும் கொதிக்க வைக்கலாம் போலவும் இருந்தது.

நங்கை குழந்தையின் தலையிலிருந்து தொப்பியைக் கழற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பழக்கம் விடவில்லை. இழுத்துப் பார்த்தார், புரட்டிப் பார்த்தார். தையல் ஒழுங்கு, லேபிள் நேர் என்று முணுமுணுத்தார். பிறகு தன் தலையில் வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். அளவு சிறிதானது இருக்கட்டும், தையல் தலையில் குத்தியது. முடி இருக்கும் தலைக்கு உள்தையல் தெரியாது. முடி கொட்டிய தலையில் ஒரு நூல்கூட முள்ளாக உரசும். எந்த உடுப்பானாலும் தையல் உள்பக்கம்தான் இருக்க வேண்டும் என்பது கம்பெனியில் எல்லோருக்கும் ரத்தத்தில் ஊறியது. வெளியே தெரிந்தால் அம்பு ஒட்டி ஒதுக்குவார்கள். அதனால் அத்தனை பேர் பார்த்துப் பார்த்துச் செய்தும், உட்பக்கம் இருக்கும் தலை எப்படிப்பட்டது என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

"அம்பு எடுத்துட்டு வா" என்றார்.

தையலின் நான்கு இடத்தில் சிவப்பு அம்பு ஒட்டி, தொப்பியை என்னிடம் கொடுத்து அனுப்பினார். சொல்லச் சொன்னது ஒன்றே: தையலைத் திருப்பு.

செக்கிங்கில் நான் அதை வைத்ததும் மூத்த அம்மா அம்புகளை விரலால் தொட்டுப் பார்த்தார். "நாலு ஒட்டியிருக்காங்களா" என்றார். அத்தனை சந்தோஷமாக ஒரு பழுதை யாரும் வாங்கி நான் பார்த்ததில்லை. தொப்பி கட்டிங்குக்கு ஓடியது. சாயங்காலத்துக்குள் வாஷிங் போன துணியில், தையல் வெளியே தெரிய, இன்னொன்று வந்தது. அதற்கும் அம்பு. நெற்றிப் பட்டை இறுக்கம். செவ்வாய்க்கிழமை காலை மூன்றாவது வந்தது. அது காதுவரை இறங்கியது. அம்பு. காது மடலுக்கு நேராக ஒட்டிவிட்டு நங்கை பொறுமை இழந்தார். "அளவே எடுக்காம வெட்டறாரு பாய். இத்தன வருஷம் என்ன பண்ணுனாரு" என்று எழுந்து, செருப்பை மாட்டினார்.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். தூசி, கூட்டம், ஊசிக்கு முந்தின நாள். சொல்லவில்லை. சொல்லாதது சரியா தப்பா என்று இரண்டு தெரு தூரமும் யோசித்துக்கொண்டே குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் நடந்தேன்.

நங்கை தலைப்பைப் போர்த்தியபடிதான் கம்பெனிக்குள் போனார். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. நேராகக் கட்டிங் டேபிளுக்குப் போய் மூன்றாவது தொப்பியை அதன்மேல் போட்டார். பாயிடம் சொன்னார். "தலையப் பார்த்து வெட்டோணும் பாய். குத்துமதிப்பா வெட்டக் கூடாது." சொல்லிவிட்டுத் தலைப்பை எடுத்துத் தோளில் போட்டார்.

ட்யூப்லைட் வெளிச்சம் அந்தத் தலையில் விழுந்தது. நான் எட்டுப் பெண்களையும் பார்த்தேன். அவர் பயந்த அந்த ஐயோ பாவம் எந்த முகத்தில் இருக்கிறது என்று தேடினேன். எட்டுப் பேரும் அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அடுத்து எதைத் தூக்கிப் பிடித்துத் திட்டப் போகிறார் என்று.

பாய் கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்தார். நெற்றியைச் சுற்றிப் பிடித்தார். இருபத்தொன்றே கால் என்றார். விருதுநகர்ப் பெண் அதைத் துணியில் எழுதினாள்.

"பழனியில நல்லா வழவழன்னு எறக்கியிருக்காங்க" என்றார் மூத்த அம்மா.

நங்கை அவரைத் திரும்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்ததுபோல எனக்குத் தோன்றியது. "பஞ்சாமிர்தம் எப்படி இருந்துது?" என்று கேட்டார்.

"அதச் சொல்லாதீங்க நங்கை. ரெண்டு நாளு பல்லுல ஒட்டிக்கிட்டுது."

மெஷின்களுக்குப் பின்னாலிருந்தெல்லாம் சிரிப்பு கிளம்பியது. நங்கையும் சிரித்தார். என் மகள் காரணம் தெரியாமல் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தாள். அந்த நோயின் பெயரை அன்றைக்கும் யாரும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. பழனி மொட்டை என்றே பேச்சு நடந்தது. ஒரு மொட்டை நாலு மாதமாக வளராமல் இருப்பதைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அங்கே நின்ற பத்து நிமிஷத்துக்குள் நங்கை நான் ஒதுக்கி வைத்திருந்த குவியலைக் கிளறிவிட்டார். தூசி வேண்டாம் என்று முகத்துக்கு என் கைக்குட்டையைக் கட்டிவிட்டேன். அதற்கு மேலே தெரிந்த இரண்டு கண்களுக்கே எட்டுப் பேரும் நடுங்கினார்கள். வெளியே வரும்போது, காருக்குச் சொல்லிவிட்டாயா என்று என்னிடம் கேட்டார். எந்தக் கார் என்று கேட்கும் துணிச்சல் எனக்கு இல்லை. ஓடிப் போய்ச் சொன்னேன்.

புதன்கிழமை காலையில் நான் ஃபிளாஸ்க்கில் ஐஸ்கட்டியை நிரப்பிக்கொண்டிருந்தேன். மருந்து ஏறும்போது வாயில் போட்டுக்கொண்டால் புண் குறையும் என்று மூத்த அம்மா சொல்லியிருந்தார். மூடி சரியாக இறுகியதா என்று நான் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருக்கையில் வாசலில் ஹாரன் அடித்தது. டிரைவர் இல்லை, நங்கை. எனக்கு முன்னாலேயே காரில் ஏறி உட்கார்ந்து, கையை நீட்டி ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தார். தலையில் தையல் வெளியே தெரியும் வெள்ளைத் தொப்பி. இன்னும் இரண்டு மடியில், மாற்றுக்கு.

ஊசி அறையில் எதிர்க்கட்டிலில் இருந்த அவிநாசிக்கார அம்மா அந்தத் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தலையில் ஒரு கம்பளி மஃப்ளர், சித்திரை வெயிலில். நங்கை மடியிலிருந்த ஒன்றை என்னிடம் கொடுத்து அவருக்குக் கொடுக்கச் சொன்னார். வாங்கியவர், தையல் மறந்தாப்புல வெளிய வந்திருச்சுங்களே என்றார். மறந்தது இல்லை, அதுதான் சரியான பக்கம் என்று நங்கை விளக்க ஆரம்பித்தார். சிவப்பு மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கி முடியும்வரை விளக்கினார். நான்காவது ஊசிக்குப் போனபோது ஒரு பாலித்தீன் கவர் நிறைய எடுத்துப் போனோம். சின்னது, நடுத்தரம், பெரிது என்று பாய் பிரித்து வைத்திருந்தார். ஒவ்வொன்றும் நங்கையின் கண் பட்டு வந்தது.

சுகமாக மட்டும் போனது என்று எழுத மாட்டேன். ஐந்தாவது ஊசிக்குப் பிறகு நான்கு நாள் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. ரத்த அணுக்கள் குறைந்து ஆறாவதை ஒரு வாரம் தள்ளிப் போட்டார்கள். அந்த வாரம் முழுக்க என் மகளை மூத்த அம்மா தன் வீட்டில் வைத்துக்கொண்டார், குழந்தைக்குச் சளி பிடித்திருந்தது, நங்கைக்கு ஒட்டிவிடக் கூடாதே என்று. தள்ளிப் போனால் போட்டதெல்லாம் வீணாகப் போய்விடுமோ என்று நான் டாக்டரிடம் மூன்று தடவை கேட்டேன். போகாது என்று மூன்று தடவையும் சொன்னார். நங்கை என்னிடம், நாலாவது தடவை கேட்டால் ஊசியை உனக்கே போட்டுவிடுவார்கள் என்றார்.

ஆறாவது ஊசி அன்று நர்ஸ் நங்கையின் கையிலிருந்து ஊசியை உருவிப் பஞ்சை வைத்து அழுத்தினார். நங்கை அந்தப் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தோட சரிங்களா?" என்று கேட்டார்.

"இத்தோட சரிங்கம்மா. இனிமே சும்மா பார்க்க வந்தாப் போதும்."

"அப்பச் சரிங்க" என்றார். செருப்பைத் தேடி மாட்டினார். ஃபிளாஸ்க்கையும் பையையும் மருந்துச் சீட்டையும் எடுத்துக்கொண்டு, வேறு எதையாவது விட்டுவிட்டேனா என்று கட்டிலுக்கு அடியில் நான் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது அறையில் அவர் இல்லை. நீளமான வராந்தாவின் கடைசியில், வெயில் விழுந்த இடத்தில், வேகமாக நடந்துகொண்டிருந்தார். "நங்கை, மெதுவாங்க" என்று கூப்பிட்டேன். திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் வீசி வா வா என்றார். நான் ஓடினேன்.